குமரி மாவட்ட ரோடுகள்: கலுங்கில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அழகியமண்டபம் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கலுங்கு இருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குக் கலுங்கு என்றால் குளத்து உபரிநீர் வழியும் இடம். எங்களுக்கு அது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடந்து போகிற சின்னப் பாலம், சாயங்காலம் அதன் கைப்பிடிச் சுவர்தான் எங்கள் பெஞ்சு. நான் இருபத்தாறு வருஷம் ரோடு காண்டிராக்டர்களிடம் சூப்பர்வைசராக இருந்தவன். வேலையை விட்ட பிறகும் ரோட்டைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இந்தச் சுவருக்குத்தான் வருகிறார்கள், பெரும்பாலும் ஒரே சந்தேகத்தோடு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் இது.

அண்ணே, எங்க வீட்டு முன்னால போற ரோடு யாருக்க ரோடு? யாரைப் போய்ப் பாக்கணும்?

முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மஞ்சளைத் தவிர மற்ற பெரிய ரோடுகள் மாநில நெடுஞ்சாலைத்துறை கையில் இருக்கும். கல்லே இல்லையென்றால் அநேகமாக அது உள்ளாட்சி ரோடு.

உள்ளாட்சி என்றதும் எங்கள் மாவட்டத்தில் ஒரு சிக்கல் வரும். 9 ஊராட்சி ஒன்றியம், 95 கிராம ஊராட்சி, அதற்கு மேல் ஐம்பதுக்கும் அதிகமான பேரூராட்சிகள், நகராட்சிகள், நாகர்கோவில் மாநகராட்சி. இத்தனையும் 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில். இரண்டு கிலோமீட்டர் ரோடு மூன்று அமைப்புகளைத் தாண்டிப் போகும், நடுவில் ஒரு இருநூறு மீட்டரை இரண்டு பேரும் 'அது அவங்களுது' என்பார்கள். அந்த இருநூறு மீட்டரில்தான் பெரிய குழி இருக்கும். சந்தேகம் வந்தால் வார்டு உறுப்பினரிடம் கேட்பதைவிட, கடைசியாக அங்கே தார் போட்டது யார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

என்.எச். 47-ன்னு அப்பா சொல்லுவாரு, போர்டுல 66-ன்னு இருக்கு. ரோடு மாறிட்டா?

ரோடு மாறவில்லை, நம்பர்தான் மாறியது. 2010-ல் நாடு முழுவதும் நம்பரை மாற்றினார்கள். பழைய 47 சேலத்தில் தொடங்கி கோவை, பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் வழியாக நாகர்கோவில் வந்து கன்னியாகுமரியில் முடிந்தது. இப்போது அது இரண்டு துண்டு. நம்மிடம் உள்ள துண்டு, மகாராஷ்டிரத்தில் பன்வேலில் தொடங்கி மேற்குக் கடற்கரையோடு இறங்கி வரும் 66-ன் வால். வாரணாசியிலிருந்து வந்த பழைய 7 இப்போது ஸ்ரீநகரிலிருந்து வருகிற 44. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போகிற 47பி இப்போது 944. டீக்கடையில் இன்னும் 47தான், அதில் தப்பில்லை.

புது ரோடு ஒரு மழை தாங்கல்லியே. தார்ல கலப்படம்தானே?

இந்தக் கேள்விதான் வாரத்துக்கு நாலு தடவை வரும். கலப்படமே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், இருபத்தாறு வருஷம் பார்த்தவன். ஆனால் நான் பார்த்தவரை பத்து ரோடு கெட்டால் ஏழெட்டு தண்ணீரால் கெட்டது. தார் என்பது பசை. ஜல்லியை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் மேலே நின்றால் மெல்ல ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் புகுந்து பசையை உரித்துவிடும், அப்புறம் ஒரு பஸ் டயர் போதும், ஜல்லி கோழி கிளறின மாதிரி வெளியே வரும். அடியில் தண்ணீர் புகுந்தால் இன்னும் மோசம், மண் ஊறி இளகி, மேலே தார் நன்றாக இருக்கும்போதே ரோடு அப்படியே அமுங்கும்.

அதனால்தான் ரோட்டின் நடுவை உயர்த்திப் போடுவது. மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு என்று வையுங்கள், 7 மீட்டர் அகல ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒன்பது சென்டிமீட்டர் கிட்ட வித்தியாசம் வரும். அந்த ஒன்பது சென்டிமீட்டர்தான் ரோட்டின் ஆயுள். ஓரத்துக்கு வந்த தண்ணீர் போக ஓடை வேண்டும், ஓடை போய்ச் சேரக் கலுங்கு வேண்டும், கலுங்கு போய்ச் சேர ஏலாவோ (பள்ளத்து நெல் வயல்) குளமோ வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தண்ணீர் ரோட்டில்தான் நிற்கும்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழை. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வைகாசி கடைசியில் தொடங்கினால் கார்த்திகை வரை விட்டுவிட்டு நனைந்துகொண்டே இருக்கும் ரோடு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கேட்கவே வேண்டாம். தார் வேலைக்குக் காய்ந்த தரை வேண்டும், நமக்குக் கிடைப்பது தை முதல் சித்திரை வரை நாலு மாசம். பணம் மாசியில் வந்து, டெண்டர் பங்குனியில் முடிந்து, வேலை தென்மேற்கு மழை இறங்கும் இடவப்பாதியில் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரே குழியை எத்தனை தடவை அடைப்பீங்க? வெக்கமா இல்லியா?

இருந்தது, சொல்கிறேன். ஒரு ஊர் ரோட்டில், பெயர் வேண்டாம், சட்டி அளவு ஒரு குழி. ஒரே வருஷத்தில் நாலு தடவை அடைத்தோம். சதுரமாக வெட்டி, தூசி தட்டி, தார் தெளித்து, கலவை போட்டு ரோலர் விட்டு, எல்லாம் முறைப்படி. நாலு தடவையும் அதே இடத்தில் பிளந்தது. ஐந்தாவது தடவை போனபோது எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னாள், "அதுல ஒரு கலுங்கு கெடந்துது மக்ளே. நாங்க அதுக்க வாயில துணி தொவைச்சிருக்கோம்."

கடப்பாரையால் ரோட்டோரத்தைக் குத்திப் பார்த்தோம், ஒரு இடத்தில் சத்தம் மாறியது. தோண்டினால் இரண்டு பக்கமும் கருங்கல் கட்டு, மேலே பாவுகல், ராஜா காலத்துக் கலுங்கு. ஒரு பக்கத்து வாயை யாரோ வீட்டுக்குக் கார் ஏற்றச் சாய்வு போட்டுக் காங்கிரீட்டால் அடைத்திருந்தார்கள். உள்ளே தேங்காய் மட்டை, மண், நெளிந்த அலுமினியப் போணி ஒன்று. வாயைத் திறந்ததும் தேங்கி நின்ற தண்ணீர் குபுகுபுவென்று கீழே ஏலாவுக்குப் போனது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் குழி விழவில்லை.

ஆக, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குழி விழுந்தால் குழியைப் பார்க்காதீர்கள், தண்ணீர் எங்கே போக நினைக்கிறது என்று பாருங்கள். அந்த ஊர்க் கிழவிகளிடம் கேட்டால் வரைபடமே தேவைப்படாது.

முன்னாடி திருவனந்தபுரம் வரைக்கும் சிமெண்ட் ரோடாமே, உள்ளதா?

உள்ளதுதான். சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை காங்கிரீட் ரோடு போட்டார்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு அது கொச்சியோடு சேர்ந்த திருக்கொச்சிப் பக்கம், தலைநகர் திருவனந்தபுரம். அன்றைக்குத்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. 1938-ல் திருவிதாங்கூர் அரசே பஸ் ஓட்ட ஆரம்பித்தபோது நாகர்கோவில் வழித்தடமும் அதில் இருந்தது. நல்ல ரோடும் அரசு பஸ்ஸும் சேர்ந்ததால் விவசாயி தன் வாழைக்குலையோடு சந்தைக்குப் போய் அன்றைக்கே திரும்ப முடிந்தது.

நான் வேலையில் இருந்தபோது ஒரு இடத்தில் குழாய்க்குத் தோண்டினோம். தார் அடுக்கடுக்காக வந்து, கடைசியில் வெளுத்த பலகை மாதிரி காங்கிரீட் தட்டுப்பட்டது. பிரேக்கர் வைத்தும் எளிதில் உடையவில்லை. டிரில் பிடித்த பையன், "அண்ணே, இதை இப்படியே விட்டிருக்கலாமே" என்றான். விட்டிருக்கலாம்தான். ஆனால் காங்கிரீட் சேர்ப்புகளில் பிளந்தால் ஒட்டுப்போடுவது கஷ்டம், தார் மேலே போட்டு மூடுவது சுலபம், மலிவு. எல்லாரும் சுலபத்தைத்தான் பார்த்தார்கள்.

அதுக்கும் முன்னாடி ரோடெல்லாம் ராஜா போட்டதுதானே?

ராஜா உத்தரவு போட்டார், மண் சுமந்தது யார் என்று கேளுங்கள். திருவிதாங்கூரில் ஊழியம் என்று ஒன்று இருந்தது. அரசாங்க வேலைக்குக் கூலியில்லாமல் வரவேண்டும், சுமை தூக்க வேண்டும், வெட்ட வேண்டும், கட்ட வேண்டும். அதைச் செய்தது ஒடுக்கப்பட்ட சாதிகள். அய்யா வைகுண்டர் அந்த ஊழியத்தையும் வரிகளையும் எதிர்த்துப் பேசினார், பேசியதற்குத் திருவனந்தபுரத்தில் சிறையில் போட்டார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல், தோள்சீலைக்கு, அதாவது பெண்கள் மேலாடை போடும் உரிமைக்குப் போராடியவர்களுக்கு உத்தரவு வந்தது 1859-ல். கூலி கொடுத்து, இன்ஜினியர் வைத்து, மராமத்து என்று ஒரு துறையாக ரோடு போடுகிற பழக்கம் அதை ஒட்டி, மாதவராவ் திவானாக இருந்த காலத்தில்தான் வலுத்தது.

அதற்கும் முன்னால் ரோடு என்பது பெரும்பாலும் நடைபாதை. நம் ஊர்ப் பெயர்களையே பாருங்கள், பாதி ஊர் 'விளை'யில் முடியும். விளை என்றால் மேட்டு நிலம், தெங்கும் பலாவும் மரச்சீனியும் நிற்கிற இடம். பள்ளத்தில் ஏலா, நெல் வயல். நடைபாதை விளைகளின் மேட்டோடு போய், வேறு வழியில்லாதபோது மட்டும் வரம்பு வழியாக ஏலாவைக் கடக்கும். பழைய ஆட்கள் முட்டாள்கள் இல்லை. பின்னால் வண்டி ரோடு வேண்டும் என்று வந்தபோது மேடு பள்ளம் பாராமல் நேராக வெட்டினார்கள், ஏலாவில் மண் போட்டு உயர்த்தினார்கள், ஏலாவின் இரண்டு பக்கமும் தண்ணீர் போக அடியில் கலுங்கு வைத்தார்கள். முன்னே குழிக் கதையில் சொன்ன பாவுகல் கலுங்கு அப்படி வந்ததுதான்.

ரோட்டோரம் நிக்குதே அந்தக் கல்லு, ரெண்டு கால் நட்டு மேல ஒரு கல்லு, அதை எடுத்துடலாமா? பைக் இடிக்குது.

அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் இறக்கி வைக்கவும் இன்னொரு ஆளின் கை இல்லாமல் திரும்பத் தூக்கவும் அந்த உயரத்தில் வைத்தது. பிரசவத்தில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நடுவது வழக்கம், இறக்க முடியாத சுமையோடு போனவளுக்கு. எங்கள் ஊரில் ஒன்று இருக்கிறது, மேல்கல்லின் நடுவில் தலைச்சுமைகள் உரசி உரசிப் பளபளத்திருக்கும், தடவிப் பார்த்தால் தெரியும்.

கொல்லத்துக்கும் கோட்டாறுக்கும் நடந்து போன காலத்தில் இதுவும் கல்மண்டபமும் மடமும்தான் வழித்துணை. அழகியமண்டபம், சுவாமியார்மடம், வெட்டூர்ணிமடம் என்று மெயின் ரோட்டில் வரிசையாகப் பெயர் வருவது சும்மா இல்லை. எடுக்க வேண்டாம். ரோடு அகலப்படுத்தும்போது ஓரமாகத் தள்ளி நட்டுக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஜே.சி.பி.க்கு அரை மணி நேர வேலை. உடைத்து ஜல்லியோடு சேர்த்துவிட்ட இடங்களும் உண்டு, அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

ரோடு எல்லாருக்கும் பொதுதானே, எப்பவுமே அப்படித்தானே இருந்திருக்கும்?

இல்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றின தெருக்களில் எல்லாச் சாதியும் நடக்க வேண்டும் என்று 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. வைக்கம் எல்லாருக்கும் தெரியும், நம் வீட்டு வாசலில் நடந்தது பல பேருக்குத் தெரியாது. கோயிலுக்குள்ளேயே போகலாம் என்று திருவிதாங்கூர் அரசர் அறிவித்தது 1936 நவம்பர் 12. என் தாத்தா ரோட்டுக் கூலி. தான் ஜல்லி உடைத்துப் போட்ட ரோட்டில் எதிரே ஆள் வந்தால் ஓடையில் இறங்கி நின்ற கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எங்களுக்குச் சிரிப்பு வராது.

ரயில் இருக்கும்போது எதுக்கு இவ்வளவு பேரும் ரோட்டுல?

ரயில் நமக்கு வந்ததே 1979-ல். திருவனந்தபுரம் லைன் அந்த வருஷம், திருநெல்வேலி லைன் 1981-ல். அதுவரை ரப்பர், மீன், தேங்காய், கல்யாணக் கூட்டம் எல்லாமே ரோடு. தண்ணீர் வழியும் முயன்றார்கள், பூவாறிலிருந்து கன்னியாகுமரி வரை படகு போக ஏ.வி.எம். கால்வாய் என்று 1860-ல் வெட்டத் தொடங்கினார்கள், மண்டைக்காட்டுப் பக்கத்தோடு நின்றுபோனது. ஆக ரோட்டோடே வீடு கட்டிப் பழகிவிட்டோம். 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், வீடெல்லாம் ரோட்டைப் பார்த்தபடி. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது.

லாரிதான் ரோட்டைக் கெடுக்குதா? நாங்களும்தானே தினம் கார்ல போறோம்?

உங்கள் கார் ரோட்டுக்கு ஒரு ஈ. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் வண்டிகளை ஓயாமல் ஓட்டிப் பெரிய சோதனை ஒன்று நடத்தினார்கள். அதில் தெரிந்தது, அச்சின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு. காரின் ஓர் அச்சில் முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, லாரியின் அச்சில் பத்து டன். கணக்குப் போட்டால் ஒரு லாரி அச்சு ஏறக்குறைய நாற்பதாயிரம் கார் அச்சுக்குச் சமம். 2018-ல் சட்டமே அச்சு எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கு உயர்த்தியது. பார்க்கச் சின்ன உயர்வு, அதே கணக்கில் சேதம் அறுபது சதவீதம் கூடும். அதற்கு மேல் இருபது சதவீதம் கூடுதல் பாரம் ஏற்றினால் அது தனியாக இன்னொரு இரண்டு மடங்கு.

இப்போது கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகிற டாரஸ் லாரிகளை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் உள்ள சின்ன ரோடுகள் அந்தப் பாரத்துக்குப் போட்டதே இல்லை. சோதனைச் சாவடியைத் தவிர்க்க அவை சின்ன ரோட்டில் புகுந்தால் ஒரு மழைக்காலம் போதும். சரி, லாரியை நிறுத்தினால் ரோடு நன்றாகிவிடுமா என்றால், ஓடை அடைந்து கிடந்தால் ஆகாது. ஊறின மண்ணில்தான் லாரி இந்த வேலையைக் காட்டும்.

தார் மேல தார் போட்டு எங்க வீடு பள்ளத்துல போயாச்சு. மழை பெஞ்சா ஹால்ல தண்ணி. இதுக்குச் சட்டம் இல்லியா?

இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் உத்தரவே போட்டார்கள். மில்லிங் என்று சொல்வார்கள், உருளையில் பல் வைத்த மெஷின் ரோட்டைச் சீவிக்கொண்டே போகும். மெயின் ரோட்டில் நடக்கிறது. நாலு மீட்டர் அகல முடுக்கில் மெஷின் நுழையாது என்று சொல்லி அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். வேலை தொடங்கும் முன் உங்கள் வாசல்படியிலிருந்து ரோட்டுக்கு எத்தனை அங்குலம் என்று டேப் வைத்துப் போட்டோ எடுத்து எழுதிக்கொடுங்கள். வேலை முடிந்த பிறகு சண்டை போட்டால் யாரும் தாரைத் திரும்ப எடுக்கப் போவதில்லை.

நாலு வழிச்சாலை எப்ப முடியும்?

தேதி சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. ஏன் இழுக்கிறது என்று சொல்லலாம். புது வழி பழைய ரோட்டோடு போகவில்லை, விளைகளையும் ஏலாக்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஏலாவைக் கடக்க மண் போட்டு உயர்த்த வேண்டும். நாலு மீட்டர் உயரம், மேலே 25 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் சரிவு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கன மீட்டர் மண், பெரிய லாரியில் ஒன்பதாயிரம் லோடுக்கு மேல். இந்த மண்ணுக்கு எங்கே போவது? எந்த மேட்டில் தோண்டினாலும் அங்கே ஒரு வீடு இருக்கிறது, ஒரு கிணறு வற்றும்.

அப்புறம் குளங்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் குளம் உள்ள மாவட்டம் இது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் வழியாகக் குளத்துக்கு வந்து, ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு இறங்கும். நடுவில் ஒரு குளத்தில் மண் போட்டால் அது ஒரு குளத்தின் பிரச்சினை இல்லை, கீழே உள்ள கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் போகும். அதனால்தான் விவசாயிகள் குளத்தை நிரப்பாதே, தூண் நட்டுப் பாலமாகக் கொண்டு போ என்று நின்றார்கள். எனக்கு ரோடு வேண்டும், மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வருவதற்கு முன்னால் நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றதைப் பார்த்தவன். ஆனாலும் அந்த விவசாயிகள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். பாலத்துக்குக் காசு கூட ஆகும், ஏலாவுக்குள் போட்ட மண் பல வருஷம் அமுங்கிக்கொண்டே இருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்னெல்லாம் மம்பட்டியோட ரோட்டுல ஆளு நிப்பாங்களே, அவங்க எங்க?

சாலைப் பணியாளர்கள். 1997-ல் தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய பத்தாயிரம் பேரை நெடுஞ்சாலைத்துறை எடுத்தது. 2002-ல் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், 2006-ல் திரும்ப எடுத்தார்கள், நடுவில் 41 மாசம் சம்பளமில்லை. அந்த 41 மாசத்தைப் பணிக்காலமாக எண்ணுங்கள் என்று அதற்குப் பிறகும் வருஷக்கணக்காகப் போராடினார்கள். இப்போது வயதாகி ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடங்கள் நிரம்புவது குறைவு.

இவர்கள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்யும்போது குடையோடு ரோட்டில் நடந்து எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் கீறிவிடுவார்கள். பத்து நிமிஷ வேலை, ஒரு லட்சம் ரூபாய் தார் மிச்சம். காண்டிராக்டில் விட்டால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு மதிப்பீடு போட முடியாது, அதனால் யாரும் செய்வதில்லை.

ரோட்டோரப் புளிய மரத்துல காய் பறிச்சா கேஸ் போடுவாங்களா?

நெடுஞ்சாலை மரத்தின் புளி ஏலம் போகும், எடுத்தவருக்குத்தான் சொந்தம். பையன்கள் கல்லெறிந்து இரண்டு காய் தின்றதற்கு யாரும் கேஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

எங்க மதிலுக்கு வெளியில ரெண்டடி எங்க நெலம். அதுல எதுக்கு ஓடை வெட்டுறாங்க?

இது கொஞ்சம் வில்லங்கமான கேள்வி, கேட்கிறவர் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருவார். நிலம் உங்களுடையது என்று பிரமாணத்தில், அதாவது பத்திரத்தில், இருக்கலாம், ஆனால் நம் பழைய பிரமாணங்கள் 1956-க்கு முந்தியது என்றால் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். எல்லை 'வழிக்குக் கிழக்கு' என்று இருக்கும், அந்த வழி அன்றைக்கு நாலடி நடைபாதை. பிறகு சர்வே வந்து ரோடு புறம்போக்கு என்று எவ்வளவு பிரித்தார்கள் என்பதைப் புல வரைபடத்தில் பார்த்தால்தான் தெரியும். தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். அளந்து உங்களுடையது என்று வந்தால் இழப்பீடு இல்லாமல் தொட முடியாது, புறம்போக்கு என்று வந்தால் மதிலையே உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அளக்கச் சொன்னவர்களில் பாதிப் பேர் திரும்ப என்னிடம் வரவே இல்லை.

ஓடையை மூடிவிட்டால் இடம் மிச்சம் என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும். 2021 நவம்பர் மழையில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களில் ஓடையைத் தாங்களே மூடியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், எல்லாரும் சொந்தக்காரர்கள்.

புகார் குடுத்தா ஒண்ணும் நடக்கேல. எப்படிக் குடுக்கணும்?

'ரோடு குண்டும் குழியுமாக உள்ளது' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, எந்த ரோடு, எந்த இடம் என்று இல்லை. கிலோமீட்டர் கல்லையும், அதற்கிடையில் 2, 4, 6 என்று நிற்கும் சின்னக் கல்லையும் பார்த்து இன்ன கிலோமீட்டர், இன்ன மீட்டர், இடது பக்கம் என்று எழுதுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மாநில நெடுஞ்சாலைத்துறை ரோடு என்றால் 'நம்ம சாலை' செயலி, மற்றதற்கு முதல்வரின் உதவி எண் 1100. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு என்றால் ஓரத்தில் போர்டு நிற்கும், முடித்த தேதி அதில் இருக்கும், ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டியது போட்ட காண்டிராக்டரே. மற்ற ரோடுகளுக்கும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு, எத்தனை வருஷம் என்று ஆர்.டி.ஐ.யில் கேட்கலாம்.

போட்டோ இரண்டு அனுப்புங்கள். ஒன்று குழி, இன்னொன்று பக்கத்தில் அடைந்து கிடக்கும் ஓடை வாய். முதல் போட்டோவுக்கு ஒட்டுப்போட ஆள் வரும், இரண்டாவதற்கு இன்ஜினியர் வர வாய்ப்புண்டு. மழை பெய்யும்போதே எடுத்த போட்டோ என்றால் இன்னும் நல்லது.

மாமா, அந்தப் பாட்டி சொன்ன கலுங்கு இப்ப எப்படி இருக்கு?

போன இடவப்பாதியில் போய்ப் பார்த்தேன். பாட்டி இல்லை. கலுங்கு வாயில் யாரோ வாழைத்தண்டும் ஒரு மூட்டை டயப்பரும் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டில் மம்பட்டி கேட்டேன், பாட்டியின் பேரன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவனும் இறங்கினான். டயப்பரை எடுக்க மட்டும் கையில் கவர் கட்டிக்கொண்டான்.